உடம்பு மட்டும் உனக்கு

இதை நான் இட்டுக்கட்டி எழுதவில்லை. 1997 மே மாதம், பட்டப்பகலில் எனக்கே நடந்தது. பேய் என்றால் ராத்திரிதான் வரும் என்று நினைப்பவர்கள் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மதியம் இரண்டு மணி பத்து நிமிடம். நாடி பார்ப்பதற்காக நர்ஸுகள் நாங்கள் நொடிமுள் உள்ள வாட்ச்தான் கட்டுவோம். அதனால் நேரத்தில் தப்பு இருக்காது.

என் பெயர் பரிமளா. அப்போது வயது இருபத்தைந்து. உத்திரமேரூரில் ஒரு சின்ன கிளினிக்கில் வேலை. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களின் வீட்டுக்கே போய்க் கட்டு மாற்ற வேண்டும். நர்ஸிங் படித்த காலத்தில் எங்கள் மண்டையில் ஏற்றி அனுப்பிய பாடம் ஒன்று உண்டு. சரீரம், ஆத்துமா, ஆவி... மூன்றையும் பார்த்துக்கொள்பவள்தான் நர்ஸ். புண்ணைத் துடைத்தால் மட்டும் போதாது. பேச வேண்டும். கையைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடமாவது பக்கத்தில் உட்கார வேண்டும். நான் அதை முழுசாக நம்பினேன். எந்த வீட்டிலும் தவறியதில்லை.

பெருநகர் கிராமத்துக்குப் போகும் பஸ்ஸில் ஏறி, பாதியில் இறங்கி, வயல் வழியே இருபது நிமிடம் நடந்தால் வேதகிரியின் வீடு. அறுபத்திரண்டு வயது. செங்கல் சூளையில் மேஸ்திரியாக இருந்தவர். பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்து, பேச்சும் போய்விட்டது. முதுகில் உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப் புண்.

மருமகள் அம்முலு கதவைத் திறந்தாள். வா என்று சொல்லவில்லை.

"கட்டு மாத்திட்டு கெளம்பிடு. பக்கத்துல குந்திக்கினு பேச்சு கீச்சு வோணாம்."

"ஏங்க்கா? அவருக்குப் பிடிக்காதா?"

"அவருக்கு இல்ல."

வெளியே போய் வெயிலில் நின்றுகொண்டாள்.

ஓட்டு வீடு. அக்னி நட்சத்திரம். ஃபேன் கிடையாது. ஆனாலும் அந்த அறை குளிர்ந்து கிடந்தது. பிசைந்த களிமண் வாசனை வேறு. வேதகிரி என்னைப் பார்க்கவே இல்லை. கால்மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கட்டு மாற்றினேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்தேன். "பயப்படாதீங்கய்யா. நான் தினமும் வரேன்" என்றேன். அவர் கண் நிறைந்தது.

தொப்...

கட்டிலுக்கு அடியிலிருந்து. ஈர மண்ணை அச்சில் அறைகிற மாதிரி. எலி என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று ராத்திரி முழுக்க என் உள்ளங்கை எரிந்தது. அவர் கையைப் பிடித்திருந்த கை.

மறுநாள் போனபோது நாற்காலி சுவரோரம் உடைந்து கிடந்தது. "நான் தொடல" என்றாள் அம்முலு, நான் கேட்பதற்கு முன்பே. நான் தரையில் முழங்காலிட்டு அவர் கையைப் பிடித்தேன். அன்றைக்குச் சத்தம் இரண்டு முறை.

மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை. சரியாக 2.10.

கட்டு முடிந்தது. அவருடைய விழுந்துபோன வலது கையை எடுத்துப் பிடித்துக்கொண்டேன். ஜெபிக்கக் கண்ணை மூடினேன்.

தொப்... தொப்...

கண்ணைத் திறக்கவில்லை. பிடிவாதம்.

தொப்...

என் கையை அந்தக் கை இறுக்கியது. முதலில் சந்தோஷப்பட்டேன். விழுந்த கைக்கு உயிர் வருகிறதே என்று.

பிறகுதான் உறைத்தது...

கை ஈரமாக இருந்தது. சொரசொரப்பாக இருந்தது. விரலிடுக்கில் மண்.

கண்ணைத் திறந்தேன்.

வேதகிரி தன் இடது கையால் வலது கையை இழுத்து, மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு கையும் அவரிடமே இருந்தன.

அப்படியானால்... நான் பிடித்திருந்தது?

குனிந்து பார்க்கவில்லை. முடியவில்லை.

காதோரம் ஒரு பெண் குரல்.

"உடம்ப நீ பாத்துக்கோ. மத்தது எனக்கு."

மணி 2.13.

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. அம்முலு அதே இடத்தில் நின்றிருந்தாள்.

"பேசிச்சா?"

தலையாட்டினேன்.

"முனியம்மாள்னு ஒருத்தி. சூளையில மண்ண அச்சுல அடிச்சி செங்கல்லு அறுக்கறவ. புள்ள பெத்து ஜொரம். சீசன் முடியாம வுட மாட்டேன்னு எம் மாமனாரு கொட்டாயில வச்சிப் பூட்டிட்டாரு. மூணு நாளு. யாராவது வந்து பக்கத்துல குந்துங்கன்னு கத்திக்கினே இருந்தாளாம். கிட்ட போனவங்கள எல்லாம் இவரு தொரத்திட்டாரு. கதவத் தொறந்தப்போ உசுரு இல்ல."

அம்முலு குரலில் இரக்கமே இல்லை. யார் மேலும்.

சனிக்கிழமையும் போனேன். புண்ணை அப்படியே விட்டுவிட மனசு வரவில்லை. சுத்தம் செய்தேன், மருந்து வைத்தேன், கட்டினேன். ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்தபோது வேதகிரி இடது கையால் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார். உட்கார் என்று கெஞ்சின அந்தக் கண்கள்.

அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு வந்தேன். என் இத்தனை வருட வேலையில் நான் ஒரு நோயாளிக்கு அப்படிச் செய்தது அந்த ஒருமுறைதான். அதன் பிறகு அந்த வீட்டுக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று கிளினிக்கில் பொய் சொன்னேன்.

2004-ல், உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் அம்முலுவைப் பார்த்தேன். வேதகிரி எப்போது இறந்தார் என்று கேட்டேன்.

"சாவல. அப்டியேதான் கீறாரு."

"யாருக்கா கட்டு மாத்தறது?"

"யாரும் இல்ல. உனக்கப்பறம் எந்த நர்ஸும் வர்ல. நாங்களும் அந்த வூட்ட வுட்டு வந்து அஞ்சு வருசம் ஆவுது. காலையில போயி கஞ்சி ஊட்டிட்டு வந்துருவேன், அவ்ளோதான்."

"புண்ணு?"

அம்முலு சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"ஒண்ணு கூட இல்ல. போன மாசம் டாக்டரு வந்து பாத்தாரு. யாரோ ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தபா பொரட்டிப் போட்டு, தொடச்சி, நல்லா பாத்துக்கறாங்கன்னாரு. இந்த மாதிரி கவனிப்ப ஆஸ்பத்திரியில கூட பாத்ததில்லையாம்."

பஸ் வந்தது. படியில் கால் வைத்தவள் திரும்பினாள்.

"இன்னும் பதினஞ்சு வருசம் இருப்பாருன்னு டாக்டரு சொன்னாரும்மா. அதக் கேட்டதும் மாமனாரு அழுதாரு பாரு..."