கைகாட்டியின் கட்டைவிரல்

துறைமுகத்தில் அவரை எல்லோரும் கைகாட்டி என்றே கூப்பிட்டார்கள். கிரேன் ஓட்டுபவன் உச்சியில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருப்பான். கீழே இரைச்சலில் காது கிழியும். அதனால் தூக்கு, இறக்கு, நிறுத்து என்று கையாலேயே சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் இவர். கூண்டில் இருந்தவன் இவர் மனைவியின் தம்பி. வீட்டில் மாமா சொல்வதைக் காதில் வாங்கவே மாட்டான். வேலையில் மாமாவின் சுண்டுவிரல் அசைந்தாலும் கேட்பான்.

ஒருநாள் காலை அவசரத்தில் குளியலறைக் கதவைக் காலால் உதைத்துச் சாத்தினார். வலது கைக் கட்டைவிரல் கதவு நிலையில் இருந்ததை மறந்துவிட்டார். டாக்டர் போட்ட மாவுக்கட்டில் மற்ற விரல்கள் மடங்கிக் கிடக்க, கட்டைவிரல் மட்டும் கொடிக்கம்பம் மாதிரி நிமிர்ந்து நின்றது. "கையைத் தொங்க விடாதீங்க, வீங்கிடும்" என்றார் டாக்டர்.

"ரெண்டு நாள் வீட்ல இருங்களேன்" என்றாள் மனைவி.

"விரல்தானே போச்சு, தலையா போச்சு?" என்று கிளம்பிவிட்டார்.

கிரேன் முன்னால் போய் நின்றதுதான் தாமதம், அதன் நீண்ட கை மேலே எழும்பியது. கிரேன் பாஷையில் நிமிர்ந்த கட்டைவிரலுக்கு அதுதான் அர்த்தம். வேண்டாம் என்று இவர் கையை ஆட்ட ஆட்ட, அது இன்னும் வேகமாக ஏறியது. சூப்பர்வைசர் விசில் ஊதி நிறுத்தினார்.

"நீங்கதானே மாமா தூக்கச் சொன்னீங்க! இன்னும் போகவா?" என்று மேலிருந்து கத்தினான் மைத்துனன்.

சூப்பர்வைசர் தலையில் அடித்துக்கொண்டார். "நீ வாசல்ல போய் நில்லுப்பா. புதுக் கப்பல்காரங்க இறங்குறாங்க. சிரிச்சா போதும்."

கைகாட்டி வாயெல்லாம் பல்லாக நின்றார். டாக்டர் சொன்னபடி கை நெஞ்சுக்கு நேராக உயர்ந்திருந்தது. முதலில் இறங்கிய மாலுமி திகைத்து நின்றான். அடுத்தவன் பின்னால் வந்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டினான். கதவு அகலத்துக்கு இருந்த கப்பல் சமையல்காரர் முகம் சிவக்க வந்து, தன் கட்டைவிரலை இவர் மூக்கருகே நீட்டினார்.

என்ன பாசமான மனுஷங்க என்று கைகாட்டிக்குப் புல்லரித்தது. பதிலுக்கு விரலை உயர்த்தி நன்றாக ஆட்டினார். சமையல்காரர் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்துவிட்டுச் சட்டைக் கையை மடித்தார்.

நல்லவேளை, கேப்டன் ஓடிவந்தார். பல துறைமுகம் பார்த்தவர்; நம் பேச்சு அவருக்குத் தட்டுத்தடுமாறி வரும். அவர்கள் ஊரில் நிமிர்ந்த கட்டைவிரலுக்கு என்ன அர்த்தம் என்று கைகாட்டியின் காதில் சொன்னார். காது செம்பருத்தியானது.

"ஐயையோ! இத்தனை பேரையுமா அப்படித் திட்டிட்டேன்?"

"முதல்ல இவங்களை மட்டும். நீ ஆட்டினது... இவங்க தாத்தாவையும் சேர்த்து."

கைகாட்டி மாவுக்கட்டை வாசல் கம்பியில் தட்டிக் காட்டினார். 'டொக்' என்றது. சமையல்காரர் குனிந்து பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

எல்லோரும் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். கேப்டன் சொன்னார்: அதே விரல் ஓர் ஊரில் பிரமாதம், இன்னோர் ஊரில் எண்ணிக்கையில் ஒன்று, நடுரோட்டில் 'வண்டியில் ஏற்றிக்கொள்', கடலுக்கடியில் முக்குளிப்பவருக்கு 'மேலே போ'. பழைய ரோமாபுரியில் மல்லுக்கட்டித் தோற்றவனின் உயிரே கட்டைவிரலில்தான் இருந்ததாம்.

"மேலே காட்டினா சாவா, கீழே காட்டினா சாவா?"

"படிச்சவங்க இன்னும் சண்டை போடறாங்க."

"செத்தவனைக் கேட்டாத்தான் தெரியும் போல" என்றார் கைகாட்டி.

உங்கள் ஊரில் மரியாதைக்கு என்ன செய்வீர்கள் என்று கேப்டன் வழியாகச் சமையல்காரரிடம் கேட்டார். சமையல்காரர் நெஞ்சில் கைவைத்துத் தலை தாழ்த்தினார். கைகாட்டியும் அப்படியே செய்ய, மாவுக்கட்டு தாடையில் இடித்தது. சமையல்காரர் பதறிப்போய்க் கப்பலுக்கு ஓடி, சூடான தட்டுப் பிடிக்கும் தடித்த கையுறை ஒன்றைக் கொண்டுவந்து அந்தக் கையில் மாட்டிவிட்டார். விரல் மறையவில்லை, இரண்டு மடங்கு பெரிதானது.

"யாரை அடிக்கக் கிளம்பிட்டீங்க?" என்று கேட்டாள் மனைவி, அன்று மாலை.

அந்தக் கப்பல் புறப்பட்டபோது சமையல்காரர் மாலுமிகளை விளிம்பில் வரிசையாக நிறுத்தினார். எல்லோரும் ஒரே சமயத்தில் கட்டைவிரலை உயர்த்தினார்கள்.

"இது வாழ்த்தா, வசவா?" என்றார் சூப்பர்வைசர்.

"சிரிக்கிறாங்களே சார். ரெண்டும்தான்."

மாவுக்கட்டைப் பிரித்ததும் கைகாட்டி பழைய வேலைக்கே திரும்பினார். ஆனால் புதுக் கப்பல் வந்தால், "உங்க ஊர்ல எந்த விரல் ஆகாது?" என்று ஆள் வைத்துக் கேட்காமல் கரையில் நிற்பதில்லை. ஒரு கேப்டன் நிதானமாக யோசித்து, "அஞ்சும்" என்றார். அன்று பகல் முழுக்கக் கைகாட்டி இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார்.