ஜெலென்காவின் பதினோரு நோட்டுகள்

பியானோவின் ஆணியைச் சாவியால் மயிரிழை திருப்பி, கம்பியோடு காதை ஒட்டிக் கேட்டுக்கொண்டிருந்த நார்பர்ட் ஜெலென்கா சட்டென்று இடது கையை உயர்த்துகிறார். பியானோவின் சொந்தக்காரர் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தால் அவரும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். கூரைக்கு மேலே ஓர் எஞ்சின் உறுமிக்கொண்டு போகிறது. அது ஓய்ந்ததும் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறார். நோட்டை எடுத்து எழுதுகிறார்: "காலை 9.14. பயிருக்கு மருந்தடிக்கும் மஞ்சள் விமானம். தெற்கே போகிறது. சுருதி அரைக்கட்டை இறக்கம்." அதன் பிறகுதான் பியானோவுக்கு மறுபடி மரியாதை.

நெப்ராஸ்கா மாநிலத்தில் லிண்டவா என்கிற சின்ன ஊரில், மக்காச்சோள வயல்களுக்கு நடுவே அவர் வீடு; பியானோக்களுக்குச் சுருதி சேர்க்கும் பட்டறையும் அதிலேயே. வேலிக்கு அந்தப்புறம் கவுண்டிக்கு, அதாவது மாவட்ட நிர்வாகத்துக்கு, சொந்தமான விமானத் திடல். ஓர் ஓடுபாதை, ஒரு தகரக் கொட்டகை, காபி இயந்திரத்தோடு ஓர் அறை; அவ்வளவுதான். ஜெலென்கா அந்த வீட்டைப் பனிக்காலத்தில் வாங்கினார். அப்போது திடல் முழங்கால் ஆழப் பனிக்கடியில் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தது. நான்கு மாதம் கழித்துப் பனி கரைந்தது. பத்தொன்பது வருடத் தலைவலி தொடங்கியது. காதை நம்பிப் பிழைப்பவர் காதுக்கு எமனையே பக்கத்து வீட்டுக்காரனாக்கிக்கொண்டார் என்று ஊரில் ஒரு சிரிப்பு.

திடலின் மேலாளர் ரோண்டா ஸ்கலா. புல் வெட்டுவதும், பனி தள்ளுவதும், விமானங்களுக்கு எரிபொருள் நிரப்புவதும், தொலைபேசியை எடுப்பதும் அவள் ஒருத்திதான். தொலைபேசியில் பாதி நேரம் வருபவர் ஜெலென்கா.

"உன் மஞ்சக்கிளி இப்பத்தான் என் தலைமேல போச்சு, ரோண்டா."

"பதிஞ்சுக்கிட்டேன், நார்ப்."

"நேத்தும் இதையேதான் சொன்னே."

"நேத்தும் பதிஞ்சுக்கிட்டேன், நார்ப்."

அவள் எதையும் பதியவில்லை என்பது அவருக்குத் தெரியும். அதனால்தான் தானே பதிந்தார். தடித்த அட்டை போட்ட நோட்டுகள், மொத்தம் பதினொன்று. சாதாரணச் சத்தத்துக்கு நீல மை. பொறுக்க முடியாத சத்தத்துக்குக் கீழே சிவப்புக் கோடு. சிவப்பு வாங்கியது பெரும்பாலும் ஒரே விமானம்: இரட்டை எஞ்சின் வைத்த வெள்ளை விமானம். நேரம் காலம் பார்க்காமல், மற்றவை போகிற உயரத்தில் பாதியில் அது வந்து இறங்கும். ஒரு முறை அது வந்தபோது கை நழுவி, சுருதி சேர்க்க வந்திருந்த லூத்தரன் தேவாலயத்துப் பியானோவில் ஒரு கம்பி அறுந்தது. அன்றைக்கு இரண்டு சிவப்புக் கோடு.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு செப்டம்பரில் கவுண்டி வாரியத் தலைவர் டுவேன் ஹார்ப்ஸ்ட் வீடு தேடி வந்தார். கையில் சுருட்டிய வரைபடம். முகத்தில் வரம் கொடுக்க வந்த சாமியின் களை.

"நார்ப், உங்க புகாருக்கெல்லாம் விடிவுகாலம் வந்தாச்சு. திடலை மூடப் போறோம். முன்னூத்திப் பன்னெண்டு வீடு வருது."

ஜெலென்கா அன்று முழுவதும் சீட்டியடித்துக்கொண்டே வேலை பார்த்தார். மறுநாள் காலை வரைபடத்தைப் பியானோ மூடியின்மேல் விரித்துவைத்து, தன் வேலியை ஒட்டி மட்டும் எத்தனை வீடு என்று விரல்விட்டு எண்ணினார். முப்பத்தெட்டு. ஒரு வீட்டுக்கு ஒரு நாய் என்றாலும் முப்பத்தெட்டு நாய். புல்வெட்டி, இலை ஊதி, கொல்லையில் கறி சுடும் கூட்டம், கொட்டகையில் டிரம்ஸ் பழகும் பிள்ளை. தெரியாத தேவதையைவிடத் தெரிந்த பிசாசே மேல் என்பது அவருக்கு அந்தக் காலை வேளையில் புரிந்தது.

தொப்பியை மாட்டிக்கொண்டு, பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக வேலியைச் சுற்றி நடந்து ரோண்டாவின் அறைக்குள் போய் நின்றார்.

"என்ன நார்ப், போன் ரிப்பேரா?"

"இதை மூட விடக்கூடாது."

ரோண்டா காபிக் கோப்பையை மேசையில் வைத்தாள். "யாரு, நீங்களா சொல்றது?"

"பிளேன் கத்திட்டுப் போயிடும். பக்கத்து வீட்டுக்காரன் போக மாட்டான்."

அவள் சிரிக்கவில்லை. தலைநகரான லிங்கனில் ஒரு மசோதா காத்திருப்பதைச் சொன்னாள். அது நிறைவேறிவிட்டால், பயன்பாட்டில் இருக்கும் சின்ன விமானத் திடல் எதையும் மாநில விமானத் துறையின் விசாரணை இல்லாமல் கவுண்டியோ நகராட்சியோ மூட முடியாது. ஆனால் திடல் பயன்பாட்டில் இருக்கிறது என்று காட்ட வேண்டும். நாளுக்கு நாலு விமானம் வந்தாலே அதிகம் என்கிறார் ஹார்ப்ஸ்ட். இல்லை என்று சொல்ல ரோண்டாவிடம் ஆதாரம் இல்லை. கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லாத திடலில் வருகிறவனையும் போகிறவனையும் யார் எண்ணுகிறார்கள்?

ஜெலென்கா தொண்டையைச் செருமினார். "நான் எண்ணியிருக்கேன்."

பிப்ரவரியில் அந்த மசோதாவை ஆராயும் சட்டமன்றக் குழுவின் விசாரணை. சுருதிக் கருவிகள் வைக்கும் தோல்பையைக் காலிசெய்து, அதில் பதினோரு நோட்டுகளையும் அடுக்கி, ரோண்டாவின் டிரக்கில் லிங்கனுக்குப் போனார். முதலில் ஹார்ப்ஸ்ட் பேசினார். நாலு விமானம் என்றார். அடுத்து ஜெலென்கா மைக்கின் முன்னால் உட்கார்ந்து மைக்கை விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். அதன் சுருதியும் பிடிக்கவில்லை.

"நாளுக்குச் சராசரி இருபத்திரண்டு. அறுவடைக்கு முன்னால முப்பத்தொண்ணு. ஒவ்வொண்ணுக்கும் மணி, நிமிஷம், திசை இருக்கு."

குழுத் தலைவியான செனட்டர் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "இவ்வளவையும் திடல் மேலிருந்த அக்கறையிலயா எழுதினீங்க?"

"இல்லைங்க. திடலை மூடச் சொல்லி எழுதினது."

அறையில் சிரிப்பு பரவி அடங்கியது. செனட்டர் நோட்டைப் புரட்டிக்கொண்டே போனார். "இந்தச் சிவப்புக் கோடெல்லாம் என்ன?"

"அது வெள்ளை ரெட்டை எஞ்சின். எல்லாத்துலயும் மோசம். யாருடையதுன்னு தெரியாது. நாப்பத்தொரு தடவை."

செனட்டர் ரோண்டாவைப் பார்த்தார். பின்வரிசையில் இருந்தவள் எழுந்தாள். நெஞ்சடைப்பு, டிராக்டர் விபத்து, குறைமாதக் குழந்தை என்று எது வந்தாலும் நூறு மைல் தள்ளியிருக்கும் பெரிய மருத்துவமனையிலிருந்து வருகிற நோயாளி விமானம் அது என்றாள். நாற்பத்தொரு முறையும் அது யாரையோ ஏற்றிக்கொண்டு போயிருக்கிறது.

ஜெலென்கா மைக்கை மறந்து நாற்காலியிலேயே திரும்பினார். "இத்தனை வருஷம் ஏம்மா சொல்லலை?"

"உள்ளே யாருன்னு நீங்க கேட்டதே இல்லையே, நார்ப். சத்தத்தை மட்டும்தானே கேட்டீங்க."

செனட்டர் சிவப்புக் கோடிட்ட தேதிகளைக் குறிப்பில் ஏற்றுவதற்காக ஜெலென்காவை வாசிக்கச் சொன்னார். வாசித்தார். முதல் பத்துத் தேதிகளைப் புகார் வாசிக்கிற குரலில் வாசித்தார். இருபதைத் தாண்டியதும் குரல் இறங்கியது. கம்பி அறுந்த நாளின் தேதி வந்தபோது நிறுத்தி, தண்ணீர் குடித்து, பிறகு தொடர்ந்தார். ஹார்ப்ஸ்ட் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மே மாதம் மசோதா சட்டமானது. திடல் தப்பியது, முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகள் பன்னிரண்டாகச் சுருங்கிச் சாலைக்கு அந்தப்பக்கம் போயின. சட்டத்தில் ஐந்தாவது பிரிவு ஒன்றும் இருந்தது: திடலிலிருந்து ஒரு மைலுக்குள் வீடு வைத்திருப்பவர்கள் விமானச் சத்தத்தை அறிந்து ஏற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட வேண்டும்; அதற்கப்புறம் அதன்மேல் புகாரோ வழக்கோ செல்லாது. லிண்டவாவில் முதல் கையெழுத்துப் போட வேண்டியவர், சட்டத்துக்காகச் சாட்சி சொன்னவரேதான். கவுண்டி அலுவலகத்தில் பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தப் பிரிவை நான்கு தடவை படித்தார்.

"பத்தொன்பது வருஷ உழைப்புக்கு இது நல்ல சம்பளம்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அதோடு முடியவில்லை. ஒவ்வொரு திடலுக்கும் ஓர் ஆலோசனைக் குழு வேண்டும், அதில் பக்கத்தில் குடியிருப்பவர் ஒருவர் இருக்க வேண்டும் என்றது ஆறாவது பிரிவு. வேறு யாரும் முன்வரவில்லை. இப்போது மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை மதியம், இஸ்திரி போட்ட சட்டையில் ஜெலென்கா ரோண்டாவின் அறைக்கு வருகிறார். கூட்டத்தில் அதிகம் பேசுவதில்லை. வெள்ளை விமானம் இறங்கினால் மட்டும், "இன்னைக்கு யாரு?" என்று கேட்பார். பெயர் சொல்லக்கூடாது என்பது விதி. ரோண்டா "பெரியவர்" என்றோ "தாயும் பிள்ளையும்" என்றோ சொல்லுவாள். அவர் தலையாட்டிக்கொள்வார்.

சென்ற கூட்டத்துக்குப் புதிதாக ஒருத்தி வந்திருந்தாள். பெயர் பெத்தானி, முதியோர் இல்லத்தில் செவிலி. சாலைக்கு அந்தப்பக்கப் பன்னிரண்டு வீடுகளில் ஒன்றைப் போன டிசம்பரில்தான் வாங்கியிருக்கிறாள். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"எனக்கு ராத்திரி டூட்டி. பகல்லதான் தூங்கணும். வீடு பார்க்க வந்தப்போ ஒரு சத்தமும் இல்லை. இப்போ அந்த மஞ்சள் பிளேன் காலையில ஒம்பது மணிக்கு மேல கண்ணை மூட விடமாட்டேங்குது. நான் யார்கிட்ட போய்ச் சொல்றது?"

ரோண்டா பெருமூச்சு விட்டு, கோப்பிலிருந்து ஐந்தாவது பிரிவு அச்சிட்ட தாளை உருவி மேசையில் வைத்தாள். பெத்தானியின் கையெழுத்து அதன் அடியிலேயே இருந்தது.

"இதைப் படிச்சுட்டுத்தானே கையெழுத்துப் போட்டீங்க?" என்று தொடங்கினாள்.

ஜெலென்கா தன் பக்கத்து நாற்காலியில் கிடந்த கோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நாற்காலியைப் பெத்தானியின் பக்கம் இழுத்துவிட்டார். பிறகு எழுந்துபோய் இயந்திரத்திலிருந்து ஒரு கோப்பை காபி பிடித்து வந்து, தளும்பாமல், அந்தத் தாளின் மேலேயே வைத்தார்.

"முதல்ல உட்காரும்மா. ஒண்ணு விடாம சொல்லு."