பஃப் கை ஜாக்கெட்

செம்மேட்டுத் தையல் கடையில் மகளின் புது ஜாக்கெட்டை வாங்கிப் பிரித்தேன். புதுத்துணி மொடமொடப்பும் இஸ்திரிச் சூட்டு வாசனையுமாக, தோளில் இரண்டு பஃப் கைகள் பொம்மென்று நின்றன. "இப்ப இதுதாம்மா பேஷன்" என்றாள் மகள்.

எனக்கோ அத்தையின் தகரப் பெட்டி நினைவுக்கு வந்துவிட்டது. அப்பாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தார். பஃப் கை அமுங்கிவிடக் கூடாதென்று உள்ளே பழந்துணியைச் சுருட்டி வைத்துத்தான் ஜாக்கெட்டை மடிப்பார். "ஏனம்மிணி, இதையெல்லாம் இப்ப யாரு போடறாங்க?" என்று அம்மா கேட்பாள். "நாந்தான் போடறனே!" என்பார் அத்தை.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது சேந்தமங்கலத்தில் ஒரு கல்யாணம். அந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு அத்தை பஸ்ஸுக்கு நின்றார். கல்யாணத்துக்கு என் பள்ளித் தோழிகள் வேறு வருகிறார்கள். "தோள்ல ரெண்டு பூசணிக்காயத் தூக்கிட்டு வாரீங்களா? நீங்க வந்தா நா வல்லீங்க" என்றேன். அத்தை சிரித்தார். "தலை வலிக்குது கண்ணு, எல்லாரும் போயிட்டு வாங்க" என்று வீட்டுக்குத் திரும்பிவிட்டார். நான் நிம்மதியாகப் போய்ப் பந்தியில் இரண்டு ஜாங்கிரி தின்றேன். அதன் பிறகு அவர் பஃப் கை போட்டு நான் பார்க்கவே இல்லை.

கடையிலிருந்தே போன் போட்டேன். "அத்தை, பஃப் கை திரும்ப வந்திருச்சுங்க. உங்களுக்கும் ஒண்ணு தைக்கச் சொல்லட்டுங்களா?"

அத்தை மெதுவாகக் கேட்டார்:

"போட்டுக்கிட்டு உங்கூட வந்தா, உனக்குப் பரவால்லியா கண்ணு?"