வேண்டாம் என்றவனுக்கு நீட்டிய கோப்பி

போன கிழமை ஓர் ஆளைக் கொன்றிருப்பேன். ஒரு கப் கோப்பியால்!

சிரிக்காதீர்கள்.

மார்கழி மழை உங்களுக்குத் தெரியும்தானே? உயிலங்குளத்தில் வயலெல்லாம் வெள்ளம். பின்னேரமானால் குளத்துக் காற்று எலும்புக்குள் இறங்கும். பிரான்ஸிலிருந்து வந்துபோன மச்சான் கோப்பி லிக்கர் ஒரு போத்தல் விட்டுப் போயிருந்தார். யூடியூப் பார்த்து, அதில் ஒரு சூடான பானம் பழகியிருந்தேன். கடுங்கோப்பி, கறுவா ஒரு துண்டு, இரண்டு கராம்பு, கொஞ்சம் பனங்கட்டி. கொதித்ததும் அடுப்பை நிறுத்தி, ஆவி சற்று அடங்கிய பிறகுதான் லிக்கரை ஊற்ற வேண்டும் — கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் வாசமெல்லாம் பறந்துவிடும். கடைசியில், கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து மெல்ல வழியவிட்ட கிரீம். ஒரு மிடறு போதும், தொண்டையிலிருந்து கால்விரல் வரை சூடு...

அன்று பின்னேரம் சிவம் வந்தான். பாப்பாமோட்டையில் வயல் செய்பவன்; என்னைவிடப் பத்து வயது இளையவன். புதுவீட்டுக் குடிபூரலுக்குச் சொல்ல மோட்டார் சைக்கிளில் வந்து, தெப்பமாக நனைந்து நின்றான். பல் கிடுகிடுத்தது. துவாயைக் கொடுத்துவிட்டுக் கப்பை நீட்டினேன்.

மணந்து பார்த்தவன் தலையைப் பின்னுக்கு இழுத்தான். "அண்ணை, வேண்டாம். குடிய விட்டு நாலு மாசம்."

"அட, இதென்ன சாராயமே? இனிப்புச் சாமான். குளிருக்கு மருந்து மாதிரி!"

"வேண்டாம் அண்ணை..."

"எனக்காக ஒரு வாய்."

என் முகத்துக்காகக் குடித்தான். பாதிக் கப்.

பத்து நிமிடம் இருக்கும். அவன் முகம் செத்தல் மிளகாய் போலச் சிவந்தது. "அண்ணை, நெஞ்சு படபடக்குது... மூச்சு..." கதிரையிலிருந்து சரிந்து வாந்தி எடுத்தான். கழுத்து நரம்பு துடிப்பது எனக்கு எட்டத்திலிருந்தே தெரிந்தது.

போத்தலில் நஞ்சா? முதல்நாள் நானும் குடித்தேனே, எனக்கு ஒன்றும் இல்லையே? என் மனைவி சாந்தி பக்கத்து வீட்டு வான்காரரைக் கூப்பிட ஓடினாள். நான் சிவத்தின் மனைவி விமலாவுக்கு போன் எடுத்தேன்.

அவள் கேட்டது ஒன்றுதான். "அண்ணை, குடிக்கக் குடுத்தனீங்களோ?"

"கோப்பிக்குள்ள கொஞ்சம்..."

"ஐயோ! அவருக்குத் தெரியாம விடியத் தேத்தண்ணிக்குள்ள குளிசை போடுறனான். குடிய நிப்பாட்டுற குளிசை. குடிச்சா ஒத்துக்கொள்ளாதெண்டு மருந்துக்கடையில சொல்லித்தான் தந்தவை. டொக்டரிட்ட மறக்காமச் சொல்லுங்கோ!"

வானில் ஏற்றி மன்னார் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனோம்; மழையில் ரோட்டே தெரியவில்லை. மன்னார்ப் பாலத்தில் இரண்டு பக்கமும் கடல் இரைந்தது. என் மடியில் அவன் தலை. கை ஐஸாகக் குளிர்ந்திருந்தது.

"பிள்ளையளப் பாத்துக்கொள்ளுங்கோ, அண்ணை."

"வாயை மூடு!" என்று கத்தினேன். பயத்தில் வேறென்ன வரும்?

ஆசுபத்திரியில் ஒக்சிஜன், சேலைன், நெஞ்சில் வயர்கள். நனைந்த சேலையோடு ஓடிவந்த விமலா என்னருகே வாங்கில் வந்து உட்கார்ந்தாள். "அவர் போனா நான்தானே அண்ணை கொலைகாரி?"

"ஊத்தினது நான்," என்றேன்.

காலையில் அவன் தெளிந்தான். இளம் பெண் டொக்டர் விமலாவைக் கடுமையாகப் பேசினார். "தெரியாமக் குடுக்கிறது எவ்வளவு ஆபத்து! இதயமே நிண்டிருக்கும்."

சிவம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கிடந்தான். "அப்ப... நாலு மாசமும் நான் குளிசையாலதான் குடிக்காம இருந்தனானோ?"

"இல்லை. அது ஆசையைக் குறைக்கிற குளிசை இல்லை. குடிச்சாத்தான் அதின்ர வேலை தெரியும். இவ்வளவு நாளும் குடிக்காம இருந்தது நீங்கள்தான்."

அவன் கண் நிறைந்தது. விமலா அவன் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். "உங்களை நம்பாமப் போட்டன்..."

"கேட்டிருந்தா நானே விழுங்கியிருப்பனே, விமலா."

நான் கதவடியில் நின்றேன். நாலு மாதமாக ஒருவன் கட்டிக்காத்ததை, ஒரு கப்பை நீட்டி உடைத்திருக்கிறேன். விமலாவுக்காவது பயம் என்ற காரணம் இருந்தது. எனக்கு? உபசாரம்! வந்தவரை மூன்று தரம் வற்புறுத்தாவிட்டால் மரியாதையில்லை என்று நாங்கள் நினைக்கிறோமே, அந்த உபசாரம்...

ஒருவர் வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்காதீர்கள் — முக்கியமாக, இரண்டாம் தரம் நீட்டாதீர்கள்!