முள் இறங்கியபோது நிம்மதியடைந்தோம்

மரக்காணத்து உப்புக் காற்றுக்கு எந்த இரும்பும் தப்பாது. எங்கள் பழைய காரில் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் தண்ணீர் ஒழுகியதால், என் கணவர் வீட்டு வாசலிலேயே ரேடியேட்டர் ஹோஸ்களை மாற்றினார். ஹோஸ் புதிது, அதை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் மட்டும் துருவேறிய பழையது. "இன்னும் நல்லாத்தான் புடிக்குது, போதும்" என்றார்.

மறுநாள் மாமனாரை டயாலிசிஸுக்காகப் புதுச்சேரிக்கு அழைத்துப் போனோம். வழியில், இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் மளமளவென்று ஏறியது. நிறுத்தலாமா என்று யோசிப்பதற்குள் அதுவாகவே இறங்கிவிட்டது.

"அப்பாடா, எறங்கிடுச்சு. நிக்காம போப்பா" என்றார் மாமனார். எனக்கும் உயிர் வந்தது போலிருந்தது.

பொம்மையார்பாளையம் வருவதற்குள் இன்ஜின் கரகரத்து நின்றது. கிளாம்ப் அறுந்து ஹோஸ் கழன்றிருந்தது. ஆட்டோ பிடித்து எப்படியோ ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம்.

"முள்ளு தண்ணியோட சூட்டைத்தாங்க காட்டும். தண்ணியே இல்லன்னா எதைக் காட்டும்?" என்றார் பிறகு வந்து பார்த்த மெக்கானிக். இன்ஜின் ஜாம் ஆகிவிட்டது. கார் வாசலில் துருப்பிடிக்கிறது.

இப்போது பஸ்ஸில்தான் போகிறோம். திரும்பும்போது மாமனார் துவண்டு என் தோளில் சாய்ந்துகொள்கிறார். எப்போதாவது வாடகைக் காரில் ஏறினால் என் கண் முள்ளை விட்டு நகராது. முள் ஏறினால் நிறுத்தச் சொல்வேன். திடீரென்று இறங்கினால், கத்தியே விடுவேன்.