எக்ஸ்பயர் ஆன கம்ப்யூட்டர்

எங்கள் தெருவில் யாரும் செத்துப்போக மாட்டார்கள், எக்ஸ்பயர் ஆவார்கள். ஆம்பூரில், தோல் ஷெட்டுக்கும் ஷூ கம்பெனிக்கும் போய்வருகிறவர்கள் நிறைந்த தெரு அது. மாடிவீட்டுத் தாத்தா போனபோதும் எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று, "பெரியவர் எக்ஸ்பயர் ஆயிட்டாரு, தெரியுமா?" என்றுதான் சொன்னாள். ஒன்பது வயதில் அந்த ஆங்கில வார்த்தைக்கு எனக்கு அகராதி தேவைப்படவில்லை.

அந்த வருஷம்தான் எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அம்மாவின் தம்பி, என் மாமா, வேலூர் லாங் பஜார் பக்கம் ரிப்பேர் கடை வைத்திருந்தார். பழசு ஒன்றைத் தேற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். அம்மா அதில் ஷூ டிசைன் வரையப் பழகினாள். அதற்கு முன்பு கம்பெனியில் தையல் மிஷினில் உட்கார்ந்தவள். காலை ஏழுக்கு வேனில் ஏறினால் இருட்டின பிறகுதான் இறங்குவாள். பள்ளிவிட்டு வந்தால் எனக்கு வீட்டுச் சாவியும் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும்தான் துணை. இப்போது ஒரு கம்பெனி ஐந்து டிசைன் கேட்டிருந்தது. திங்கட்கிழமை காட்டி, அது அவர்களுக்குப் பிடித்துவிட்டால் அம்மா வீட்டிலிருந்தே வேலை செய்யலாம். இல்லாவிட்டால் மறுபடி வேன்.

மாமா மாதம் ஒருதரம் வந்து மூடியைக் கழற்றித் தூசி ஊதுவார், ஸ்கேன் ஓடவிடுவார். போகும்போது என்னைப் பார்த்து விரலை ஆட்டுவார்.

"கண்டவங்க பென் டிரைவ இதுல சொருகாத. வைரஸ் ஏறிச்சுன்னா அவ்ளோதான், மொத்தமும் போய்டும்."

அப்பாவுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. "இன்னா மச்சான், மாசாமாசம் இந்தப் பேஜாரு? நம்ம வீட்டு ஃபிரிட்ஜுக்கு எந்த டாக்டர் வந்து ஊசி போட்டாரு?" என்பார். அம்மா எப்போதும் தம்பியின் கட்சிதான்.

நான் எந்தக் கட்சியிலும் சேராமல், வகுப்புத் தோழியின் பென் டிரைவைச் சொருகி ஒரு கார் பந்தய விளையாட்டை ஏற்றிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து, சனிக்கிழமை. அப்பா ஷிப்டுக்குப் போயிருந்தார், அம்மா ரேஷன் கடைக்கு. விளையாடலாம் என்று கம்ப்யூட்டரைப் போட்டேன். திரையின் மூலையில் சிவப்பாக ஒரு கட்டம் எழும்பியது. எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஆன்டி வைரஸ் எக்ஸ்பயர்டு. ஆபத்து என்று கீழே இன்னொரு வரி.

காவலுக்கு இருந்தது செத்துப்போய்விட்டது. கொன்றது நான் கொண்டுவந்த வைரஸ். அடுத்தது அம்மாவின் ஐந்து டிசைன்கள்தானே? அப்புறம் வேன், சாவி, பிஸ்கட். கட்டத்தை மூடினேன், மறுபடி முளைத்தது. வைரஸ் ஒட்டுவாரொட்டி என்று டீச்சர் சொல்லியிருந்தார். மவுசைத் தொட்ட கையைப் பாவாடையில் துடைத்தேன், திரும்பத் திரும்பத் துடைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அப்படியொரு பயம் அதற்குப் பிறகு எனக்கு வந்ததே இல்லை.

அம்மையும் வைரஸ்தான் என்று அதே டீச்சர்தான் சொன்னார். எனக்கு அம்மை போட்டபோது காப்பாற்றியது வேப்பிலையும் மஞ்சள் தண்ணீரும் என்பது எங்கள் வீட்டில் அப்பா உட்பட எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். பின்பக்க மரத்தில் ஒரு கொத்து ஒடித்தேன். சொம்பில் மஞ்சளைக் கரைத்தேன். "தாயே, காப்பாத்து" என்று கும்பிட்டுவிட்டு, திரைக்கு மூன்று தெளி, பக்கத்தில் இருந்த சிபியு பெட்டிக்கு மூன்று தெளி. சிவப்பு போகவில்லை. தெளித்தது போதாது போலிருக்கிறது என்று மிச்சத்தைப் பெட்டியின் தலையிலேயே ஊற்றினேன்.

டப்பென்று ஒரு சத்தம். கருகின வாடை. பெட்டிக்குள் ஓடிய ஃபேன் நின்றது. சிவப்புக் கட்டம் மறைந்துவிட்டது, திரையும் சேர்ந்து.

தரையைத் துடைத்தேன், கையைக் கழுவினேன், பாடப் புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ரேஷன் பையோடு அம்மா வந்து நின்றாள். அவளோ என்னைப் பார்க்கவேயில்லை. உயிர்வராத கம்ப்யூட்டரைத்தான் பார்த்தாள், பார்த்துவிட்டு மாமாவுக்குப் போன் போட்டாள்.

மாமா சாயங்காலம் வந்து பெட்டியைத் திறந்தார். அடியில் மஞ்சளாகத் தண்ணீர். காற்றுத் துளையிலிருந்து ஒரு வேப்பிலையைக் கிள்ளி எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"அடிப்பாவி! வைரஸும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஓசியில குடுத்த நாள் முடிஞ்சிபோச்சு, காசு கட்டுன்னு விளம்பரம் போட்டிருக்கான்!"

ஷிப்டு முடிந்து வந்திருந்த அப்பா சிரிக்கவில்லை. "நான் அப்பவே சொல்லல?" என்றும் மாமாவைக் கேட்கவில்லை.

"டிஸ்க்கும் போச்சுக்கா. டிசைன வேற எதுலயாச்சும் காப்பி போட்டு வெச்சியா?" என்றார் மாமா. அம்மா இல்லையென்று தலையாட்டினாள். மாதாமாதம் தூசி ஊதிய மாமா அதை ஒருநாளும் சொல்லித்தந்ததில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு, என்னிடம், "கரன்ட் ஓடும்போதா ஊத்துன?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அம்மா எழுந்து வந்தாள். அடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவள் என் இரண்டு கைகளையும் பிடித்து, விரல் விரலாகப் பிரித்து, விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மஞ்சள் கறையைத் தேடுகிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"நல்லா சோப்பு போட்டுக் கழுவிட்டேம்மா" என்றேன்.

அம்மா என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். டிசைன் போச்சே என்றுதான் அழுகிறாள் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.