மழை லீவு கார்டும் பச்சைச் சட்டைக்காரரும்

கும்மிடிப்பூண்டியில் மழைக்கு முன்னால் இரும்பு மணக்கும். உருக்காலைச் சாம்பல்மேல் முதல் தூறல் விழுந்ததும் ஒரு துருவாசனை ஜன்னல் ஏறி வந்து தொண்டையில் உட்காரும். இன்று காலை வந்தது. கூடவே, ஒன்பதாம் வகுப்பின் மூன்றாம் பெஞ்சு காலியாகக் கிடந்த அந்த ஐப்பசி வாரமும் வந்தது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

நான் தமிழாசிரியை. இணையத்தில் வருவதில் எதை நம்பலாம் என்று சொல்லித்தர வாரம் ஒரு பாடவேளையை என் தலையில் கட்டியிருந்தார்கள். எனக்கே சரியாகத் தெரியாத பாடம். பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. மழை பிடித்தால் "நாளை பள்ளிகளுக்கு விடுமுறை" என்று வாட்ஸ்அப்பில் கார்டு கார்டாக வரும். போன வருஷத்துக் கார்டை நம்பி வீட்டில் படுத்துத் தேர்வைத் தவறவிட்ட இரண்டு பேர் அந்த வகுப்பிலேயே இருந்தார்கள்.

"மொதல்ல தேதிய பாக்கணும் மிஸ். தேதி இல்லன்னா டுபாக்கூர்."

"மாவட்டமும் பாக்கணும். சென்னைக்கு லீவு உட்டா நமக்கு உட்ட மாதிரியா?"

"யாரு அனுப்புனதுன்னு கேக்கணும். 'தெரில, வந்துச்சு'ன்னா அவ்ளோதான், பைய தூக்கிகினு ஸ்கூலுக்கு வந்துடணும்."

அவர்கள் சொல்லச் சொல்ல நான் கரும்பலகையில் எழுதினேன்.

அந்த வாரம்தான் அந்தப் படம் வந்தது. ஷேர் ஆட்டோ நிறுத்தத்தில் பச்சைச் சட்டை போட்ட ஒருவர். தோளில் வாய் பிளந்து அழும் குழந்தை. கூடவே ஒரு குரல்: "நம்ம ஏரியாவுல புள்ள புடிக்கிறவங்க எறங்கிகிறாங்க. வடக்கத்தி ஆளு. எல்லாருக்கும் அனுப்புங்க." ஆசிரியர் குழுவிலும் வந்தது. நான் அந்தக் குரலை முழுசாகக் கேட்கக்கூட இல்லை. பதிலுக்கு ஒரு கும்பிடு கை எமோஜியைப் போட்டுவிட்டுப் புளி கரைக்கப் போனேன். பெற்றோர் குழுவுக்கு அதைத் தள்ளிவிட்டவரும் எங்களில் ஒருவர்தான்.

மறுநாள் மூன்றாம் பெஞ்சில் எப்போதும் உட்காரும் பெண் வரவில்லை. படத்தில் இருந்தவர் அவளுடைய அப்பா. ஒடிசாவிலிருந்து வந்து எட்டு வருஷம், தேர்வாய் கண்டிகையில் கம்பெனி வேலை. தோளில் இருந்தது அவள் தம்பி. ஊசி போட்டுக்கொண்டு வந்த குழந்தை அழாமல் என்ன செய்யும்? படம் பரவிய அன்று மாலையே அதே நிறுத்தத்தில் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். ஆதாரைக் காட்டு என்றார்கள். காட்டினார். அது போலி என்றார்கள்! எங்கிருந்து வந்ததென்றே தெரியாத ஒரு குரல் அவர்களுக்கு வேதம். கண்ணெதிரே நீட்டிய அட்டை பொய். உதட்டில் மூன்று தையல்.

வகுப்பில் கேட்டேன். "அந்தப் படம் உங்க வீட்டுக்கெல்லாம் வந்துச்சா?"

ஒருத்தி கை தூக்கினாள்.

"வந்துச்சு மிஸ். அவ அப்பான்னு பாத்தவொடனே எங்கம்மாகிட்ட சொன்னேன். 'ஒனக்கு இன்னா தெரியும், மூடிகினு படி'ன்னாங்க."

"எங்க நைனாகிட்ட நானும் சொன்னேன். அதுக்குள்ள நாலு பேருக்கு அனுப்பிட்டாரு."

கார்டை நம்பி ஏமாந்த இருவரில் ஒருவன் எழுந்தான். "தேதி இல்ல, ஊரு இல்ல, 'நம்ம ஏரியா'வாம். எவனுக்கும் அவன் ஏரியா நம்ம ஏரியாதான மிஸ்? காணாம போன புள்ள யாரு ஊட்டுதுன்னு ஒருத்தனாச்சும் கேட்டானா?"

கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இந்தப் பிள்ளைகளுக்கா பாடம்? வளர்ந்தவர்களை அல்லவா அந்தப் பெஞ்சுகளில் முட்டி இடிக்க உட்காரவைத்திருக்க வேண்டும்! முதல் வரிசையில் என்னை.

பள்ளியின் பெயரில் மன்னிப்புப் போடச் சொல்லித் தலைமையாசிரியரிடம் போய் நின்றேன். "உடுங்க மிஸ், ரெண்டு நாள்ல மறந்துடுவாங்க. எதுக்கு பேஜாரு?" என்றார். யார் மறப்பார்கள்? தையல் போட்டவரா? வெளியே வந்து நானே இரண்டு குழுவிலும் எழுதினேன்: இவர் நம் மாணவியின் தந்தை, குழந்தை அவருடைய மகன், நாம் அனுப்பியது பொய், அது போன வழியெல்லாம் இதையும் அனுப்புங்கள்.

வெள்ளிக்கிழமை அவர் மகளோடு வந்து மாற்றுச் சான்றிதழ் கேட்டார். தேர்வு வரைக்குமாவது இருங்கள் என்று கெஞ்சினேன். வீங்கிய உதட்டோடு நிதானமாகத் தமிழ் பேசினார்: "எட்டு வருஷம் அந்த ஸ்டாப்ல நிக்கிறேன் மேடம். ஒருத்தருக்கும் என் மூஞ்சி தெரியல." எங்கே கையெழுத்து என்று கேட்டார். காட்டினேன்.

கேட்டுக்கு வெளியே அவர் கைகாட்டி ஆட்டோவை நிறுத்திக்கொண்டிருந்தபோது அவள் மட்டும் திரும்பி ஓடிவந்தாள்.

"மிஸ், நீங்க குரூப்ல போட்டத எல்லாரும் பாத்தாங்களா?"

"பாத்தாங்கம்மா. டிக்கெல்லாம் நீலமாயிடுச்சு."

"யாருனா அனுப்புனாங்களா மிஸ்?"

"இல்லம்மா."